பதினான்காம் கதவு

சிம்மவாகினி ஆறு மணி நேரமாவது மிதக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அது முப்பத்தெட்டே நிமிடத்தில் மூழ்கிவிட்டது.

அரை மைல் தள்ளி நின்ற பார்வையாளர் கப்பலின் மேல்தளத்திலிருந்து லாசர் மச்சாடோ அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிம்மவாகினியில் இருபத்தோரு வருஷம் சோறு தின்றவர். மூன்று வருஷத்துக்கு முன்பு ஓய்வு பெற்றபோது சேதக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைமை மாலுமி. கப்பலில் ஓட்டை விழுந்தால் அடைப்பது, தீப்பிடித்தால் அணைப்பது, இரண்டும் முடியாவிட்டால் அந்த அறையை மட்டும் கடலுக்குத் தாரை வார்த்துவிட்டு மற்ற அறைகளைக் காப்பாற்றுவது, இதுதான் அந்தப் பிரிவின் வேலை. சிம்மவாகினியின் பின்பக்கம் முதலில் அமிழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்ந்து, பிறகு ஒன்றுமே நடக்காதது போலக் கடல் மூடிக்கொண்டது. வீட்டில் வளர்த்த மாட்டை அடிமாட்டுக்கு அனுப்புவதே கஷ்டம். அதைக் கூடவே போய் நின்று பார்ப்பது இன்னும் கஷ்டம்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது போர்க்கப்பலுக்கும் பொருந்தும். முப்பத்து நான்கு வருஷம் ஓடிக் களைத்த கப்பலைப் பழைய இரும்புக்குப் போடுவதைவிட, புது ஏவுகணையை அதன்மேல் ஏவிப் பார்ப்பது உபயோகம் என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். ஏவுகணை எப்படி அடிக்கிறது என்பது பரிசோதனையில் பாதி. மீதிப் பாதி அண்ணாச்சி எப்படித் தாங்குகிறார் என்பது.

அண்ணாச்சி மனிதரல்ல. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு சிம்மவாகினியில் பொருத்திய தற்காப்பு மூளை. காகிதத்தில் அதற்கு ஒரு முழ நீளப் பெயர் உண்டு. ஆனால் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கதவு மூடச் சொல்லி அதட்டிக்கொண்டே இருந்ததால் தூத்துக்குடி மாலுமிகள் அண்ணாச்சி என்று வைத்தார்கள், அதுவே நிலைத்தது. கப்பலின் உடம்பெங்கும் சத்தம் பிடிக்கும் கருவிகள்தான் அதற்குக் காதுகள். எந்த அறையில் தண்ணீர், எந்தக் கதவை மூடினால் எவ்வளவு நேரம் மிதக்கலாம் என்று நொடியில் சொல்லிவிடும். மாலுமிகள் செய்வதைப் பார்த்துப் பார்த்தே தொழில் பழகும்படி அதைச் செய்திருந்தார்கள். அது பழகியதையெல்லாம் அப்படியே எடுத்து, கட்டிக்கொண்டிருக்கும் ஆறு புதுக் கப்பல்களில் வைப்பதாகத் திட்டம்.

அந்த ஆறில் முதல் கப்பலின் இயந்திர அறைக்கு லாசரின் தங்கை மகள் சகாயா பொறியாளராகப் போகிறாள். அடுத்த மாதம் பணியில் சேர வேண்டும். ஆலோசனை சொல்ல வர முடியுமா என்று கடற்படையிலிருந்து கேட்டபோது லாசர் உடனே பெட்டியைக் கட்டியதற்கு அதுதான் காரணம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்வையாளர் கப்பலின் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறையில் கூடினார்கள். பரிசோதனைக்குப் பொறுப்பான கேப்டன் பத்மநாபனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அண்ணாச்சியை வடிவமைத்த குழுவின் தலைவி முனைவர் தாட்சாயணி திரையில் பதிவுகளை ஓட்டிக் காட்டினாள். நாற்பது வயதிருக்கும், பொள்ளாச்சிக்காரி. நிதானமாகப் பேசுகிற பெண். ஏவுகணைகள் இரண்டும் எதிர்பார்த்த இடத்தில்தான் அடித்தன என்றாள். பதின்மூன்று கதவுகளை ஒன்பது நொடியில் அண்ணாச்சி சரியாகத் தாழ் போட்டது. பின் இயந்திர அறையின் பதினான்காம் கதவை மட்டும் சாத்தியதே தவிரத் தாழ் போடவில்லை. தாழ் இல்லாத கதவைத் தண்ணீர் முட்டித் திறந்துகொண்டது. அத்தோடு கதை முடிந்தது.

தாழ் பழுதா என்று கேப்டன் கேட்டார். பழுதில்லை என்றாள். பாதி தூரம் நீண்டு, திரும்ப உள்ளே போயிருக்கிறது. மூன்று தடவை அப்படி. பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி மூன்று தடவை. மூழ்கும் வரைக்கும் முப்பத்தொரு முறை இதையே செய்திருக்கிறது. இது என்ன கோளாறு என்று தன் குழுவில் ஒருவருக்கும் விளங்கவில்லை என்றாள்.

லாசருக்கு விளங்கியது.

"அது கோளாறு இல்ல மேடம்," என்றார். "தட்டிப் பாத்திருக்கு."

பிறகு அவர்களுக்கு விளக்கினார். எந்தப் புத்தகத்திலும் எழுதாத வழக்கம் அது. தண்ணீர் புகுந்த அறையின் கதவைச் சாத்தியதும் உடனே தாழ் போட மாட்டார்கள். தாழ் விழுந்துவிட்டால் உள்ளே இருப்பவனால் திறக்க முடியாது. அதனால் கதவடியில் நிற்கும் தலைமை மாலுமி ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டுவார். உள்ளே ஆளிருந்தால் கையில் கிடைத்ததை வைத்து அவனும் மூன்று தட்டுவான். பக்கத்திலேயே இரண்டு பொத்தான்கள். பதில் வந்தது என்பதை அழுத்தினால் அண்ணாச்சி ஒரு நிமிடம் பொறுத்து, ஆள் வெளியே வர இடம் கொடுத்து, பிறகு தாழ் போடும். வரவில்லை என்பதை அழுத்தினால் அந்தக் கணமே போடும். தாழை முட்டி முட்டி இழுத்தால் கேட்கிற சத்தமும் ஸ்பேனர் சத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆளே இல்லாத கப்பலில் யாரைத் தேடித் தட்டியது என்று கேப்டன் கேட்டார். லாசர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒன்பது வருஷத்துக்கு முன்பு அதே பதினான்காம் கதவுக்குப் பின்னால் ஒரு மாலுமி இறந்துபோனான். அதற்குப் பிறகு நடந்த ஒத்திகை ஒவ்வொன்றிலும் அந்தக் கதவடியில் தாம் முப்பது எண்ணும் வரை காத்திருப்பது வழக்கம் என்றார். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கலாம்.

கேப்டன் எழுந்து வந்து லாசரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஓர் இயந்திரத்துக்கு இரக்கத்தைக் கற்றுக்கொடுத்த மனிதர் என்று அறிக்கையிலேயே எழுதப்போவதாகச் சொன்னார். லாசரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பொய் சொல்வானேன், அன்று சாயங்காலம் அவருக்கு மனசு குளிர்ந்துதான் இருந்தது. கூடுதலாக இரண்டு சப்பாத்தி சாப்பிட்டார்.

மறுநாள் காலை தாட்சாயணி அவரைத் தனியாக வரச் சொன்னாள். கரை சேர இன்னும் ஒரு நாள் இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

"சார், நேத்து நீங்க சொன்னது கேக்க நல்லாத்தான் இருந்துச்சுங்க. ஆனா அது இல்லைங்க," என்றாள். "ஒத்திகையில நீங்க காத்திருந்ததை அது கணக்குலயே எடுத்துக்கலை. ஒத்திகைன்னு அதுக்குத் தெரியும். விளையாட்டுக்குச் செய்யறாங்கன்னு விட்டிருச்சு."

"அப்ப ஏன் நின்னுச்சு?"

"கப்பல்ல ஒருத்தரும் இல்லைன்னு நாங்க பதிவு பண்ணித்தான் விட்டோம். அந்தக் கதவு விஷயத்துல மட்டும் அதை அது நம்பலை."

அவள் ஒரு தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அதில் ஒரே ஒரு வரிதான். தேதியைப் பார்த்ததுமே அவருக்கு மற்றதைப் படிக்கத் தேவையிருக்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் என்ன செய்வானோ அதைச் செய்தார், வாயை இறுக மூடிக்கொண்டார்.

"இந்தக் கப்பல்ல நிஜமாவே தண்ணி புகுந்து கதவு மூடினது ஒரே தடவைதானுங்க," என்றாள் தாட்சாயணி. "அன்னைக்கு உள்ள இருந்து மூணு தட்டு கேட்டதா அண்ணாச்சி குறிச்சு வெச்சிருக்கு. அழுத்தின பொத்தான் வரவில்லைன்னு இருக்கு. அதுக்கு இது புரியவே இல்லை. தன் காது தப்பா, மனுஷங்க சொன்னது தப்பான்னு ஒன்பது வருஷமா முடிவு பண்ண முடியாம இருந்திருக்கு. ஆள் இருக்கிற வரைக்கும் யாராவது பொத்தானை அழுத்திட்டு இருந்தாங்க, வெளிய தெரியலை. நேத்து அழுத்த ஆளில்லை. உள்ள யாருமில்லைன்னு மனுஷங்க ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருக்காங்க, அப்ப உள்ள ஆள் இருந்துச்சு. அதான் தட்டிட்டே இருந்திருக்கு."

அடுத்து என்ன செய்வீர்கள் என்று லாசர் கேட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னாள். காதுதான் தப்பு என்றால் ஆறு புதுக் கப்பல்களிலும் காதைப் பிடுங்கிவிடுவார்கள். இன்னும் பத்து நாளில் முடிவெடுத்தாக வேண்டும், கோளாறைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. காதில்லாத அண்ணாச்சி தண்ணீரைக் கண்டதும் தட்டாது, கேட்காது, உள்ளே யாரிருந்தாலும் அந்தக் கணமே தாழைப் போட்டுவிடும். பொத்தான்தான் தப்பு என்றால் அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும், காது பிழைக்கும்.

"எது தப்புன்னு எனக்குத் தெரியாது. அங்க நின்னது நீங்க மட்டும்தான். நாளைக்குக் கரைக்குப் போறதுக்குள்ள சொல்லுங்க சார்," என்றாள்.

லாசர் மேல்தளத்துக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு அந்தமானுக்குத் தெற்கே பின் இயந்திர அறையில் கடல்நீர்க் குழாய் வெடித்தது. வால்வை மூடுகிறேன் என்று உள்ளே ஓடியவன் ரோச். அந்தப் பிரிவிலேயே கெட்டிக்காரன், வாயைத் திறந்தால் சிரிக்காமல் பேசத் தெரியாதவன், லாசரின் சொந்தத் தங்கை மோட்சராக்கினியின் புருஷன். வால்வு உடைந்து கையோடு வந்துவிட்டது. தண்ணீர் கதவு வரை வந்தது. கூட நின்ற இரண்டு பேரையும் மேலே போகச் சொல்லிவிட்டு லாசர் கதவைச் சாத்தினார். ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டினார். உள்ளிருந்து மூன்று தட்டு வந்தது. தெளிவாக வந்தது. மச்சான் தட்டுகிற தோரணை அவருக்குத் தெரியும், கடைசித் தட்டை எப்போதும் கொஞ்சம் ஓங்கிப் போடுவான்.

இடுப்பளவு தண்ணீர். கப்பலில் மற்றவர்கள் நூற்று அறுபத்து மூன்று பேர். வந்தது என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிடம். லாசர் வரவில்லை என்பதை அழுத்தினார்.

விசாரணையில் யாரும் அவரை மடக்கிக் கேட்கவில்லை. பொத்தான் என்ன சொன்னதோ அதையே எழுதிக்கொண்டார்கள். குழாய் வெடித்தபோதே ரோச் இறந்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. லாசருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். மோட்சராக்கினி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, அவிய வேதனைப்படாமப் போய்ட்டாவ, அது போதும் என்று அழுதாள். அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எந்த அண்ணனுக்கு வாய் வரும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். அவர் ஒன்பது வருஷம் மறைத்திருக்கிறார், அதே சோற்றைத் தங்கை வீட்டு ஞாயிற்றுக்கிழமை விருந்துகளில் சாப்பிட்டுமிருக்கிறார்.

காதுதான் தப்பு என்று சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. தாட்சாயணி நம்பினாலும் நம்பாவிட்டாலும் எழுதிக்கொள்வாள். தங்கைக்குத் தெரியாது, கேப்டனின் அறிக்கையில் இரக்கமுள்ள மனிதராகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த மாதம் சகாயா காதில்லாத ஒரு கப்பலின் இயந்திர அறையில் இறங்குவாள். அப்பனைப் போலவே அவளும், குழாய் வெடித்தால் வெளியே ஓடுகிற ஜாதியல்ல, உள்ளே ஓடுகிற ஜாதி. தாம் கோழை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவளை விட்டுக்கொடுக்கிற அளவுக்குக் கோழையில்லை.

மத்தியானமே கீழே இறங்கிப் போனார்.

"பொத்தான்தான் தப்பு," என்றார். "பதில் வந்துச்சு. நான் கேட்டேன்."

தாட்சாயணி எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு திருத்தப் படிவத்தைத் திரையில் திறந்தாள். நான்கைந்து கேள்விகள்தான். பதில் வந்ததா என்ற இடத்தில் வந்தது என்று குறித்தார். கடைசிக் கேள்வி, பதில் வந்ததற்கும் பொத்தானை அழுத்தியதற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்பது.

அந்தக் கணத்தை லாசர் ஆயிரம் தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். மச்சானின் பெயரைக் கூப்பிட்டது, கதவில் நெற்றியை வைத்து நின்றது, ஜெபம் சொன்னது எல்லாம் நன்றாக நினைவிருந்தது. ஐம்பது நொடி என்று எழுதினார். கிட்டத்தட்ட ஒரு நிமிடம். அந்த ஐம்பது நொடியைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் தூங்கியிருக்கிறார்.

தாட்சாயணி அதைப் பார்த்தாள். காலையில் காட்டிய தாளை எடுத்து வரியின் கடைசியில் விரலை வைத்தாள். அங்கே நான்கு என்றிருந்தது.

"நாலு நிமிஷமா?" என்றார் லாசர்.

"நாலு செகண்டுங்க சார்."

லாசர் ஐம்பதை அழித்துவிட்டு நான்கு என்று எழுதினார். எழுதியபின் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா கப்பல் தாங்கியிருக்குமா?"

"கணக்குப் போட்டுச் சொல்லிடலாம். போடட்டுங்களா?"

"வேண்டாம்," என்றார்.

எழுந்து கதவு வரை போனவர் திரும்பினார். இனிமேல் புதுக் கப்பலில் உள்ளே இருந்து யாராவது தட்டினால் அது என்ன செய்யும் என்று கேட்டார். பதிலைச் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று தாட்சாயணி யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"கேக்கும். கேட்டதை நம்பும். ஒரு நிமிஷம் பொறுக்கணும்னு விதியில இருக்கு. ஆனா நிஜத்துல மனுஷன் என்ன செஞ்சான்னு பாக்க அதுக்கு ஒரே ஒரு உதாரணம்தான் இருக்கு, அந்த நாலு செகண்டு. ரெண்டுக்கும் நடுவுல எங்கியோ நிக்கும். எங்கேன்னு எனக்குத் தெரியலைங்க சார்."

கேப்டன் பத்மநாபன் செய்தியைக் கேட்டு ஒன்றும் கோபப்படவில்லை. நூற்று அறுபத்து மூன்று பேரைக் காப்பாற்றியவர் என்பதில் மாற்றமில்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்றார். பதக்கத்தைத் திருப்பித் தருவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம் என்றார். ஆனால் தோளைத் தட்டவில்லை.

கரையிறங்கிய மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, லாசர் தூத்துக்குடியில் தங்கை வீட்டுக்குப் போனார். வீட்டில் மோட்சராக்கினி மட்டும் இருந்தாள். சகாயா சீருடை தைக்கக் கொடுத்ததை வாங்கி வரப் போயிருப்பதாகச் சொன்னாள். மகளின் பயணத்துக்காக அவள் ஒரு பெரிய பெட்டியில் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று அவருக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் சொன்னார். குழாய், வால்வு, இடுப்பளவு தண்ணீர், மூன்று தட்டு, பொத்தான். நான்கு நொடி என்பதையும் விடவில்லை. மோட்சராக்கினி மடித்த சேலையை மடியில் வைத்தபடியே கேட்டாள். அழுவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று வரும் வழியெல்லாம் நினைத்திருந்தார். அவள் எதையும் செய்யவில்லை.

"தட்டுனாவளா?" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"அப்ப உசுரோட இருந்திருக்காவ."

லாசர் தலையை மட்டும் அசைத்தார். அவள் சேலையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். திரும்ப எடுத்தாள். சரியாகத்தான் மடித்திருந்தது, ஆனாலும் உதறி மறுபடி மடித்தாள்.

"ஒன்பது வருஷமா எங்கூட உக்காந்து சாப்பிட்டிருக்கிய," என்றாள். அவ்வளவுதான். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் லாசருக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

பிறகு அவள் நிமிர்ந்து முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எம்மவ போற கப்பல்ல, அந்தக் கதவடியில நிக்கப்போறது யாரு? பேரச் சொல்லுங்க. நான் அவன் வீட்டுக்குப் போயி, அவன் தாய்கிட்ட பேசிட்டு வாரேன்."

"அங்க ஆள் கிடையாது, மோட்சம். கப்பலே மூடிக்கிடும்."

"எப்ப மூடணும், எவ்வளவு நேரம் பொறுக்கணும்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்," என்றார்.